ஆறு வடக்கே, காற்று தெற்கே

கையில் காசு கொஞ்சம்தான், ஆனா நைல் நதியில படகேறி எகிப்தின் பழைய கோயில்களைப் பார்க்கணும். எங்கிருந்து கிளம்புவீங்க நேயர்களே? தெற்கே இருக்கிற அஸ்வான்ல இருந்துதான்! அங்கே ஃபெலூக்கான்னு ஒரு பாய்மரப் படகு. எஞ்சின் கிடையாது, அறையும் கிடையாது. பலகை மேல மெத்தை, தலைக்கு மேல நட்சத்திரம், நடுவுல சர்க்கரை தூக்கலா ஒரு டீ. வாடகையை மட்டும் ஏறுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க!

நைல் ஓடுறது வடக்கே. காற்று பெரும்பாலும் வீசுறது தெற்கே. அதனால காற்று நின்னுபோனாலும், முதலைத் தலைக் கடவுள் சோபெக்கோட கோயில் இருக்கிற கோம் ஓம்போ பக்கம் ஆறே இழுத்துட்டுப் போகும். பழைய எகிப்தியரோட சித்திர எழுத்துல, தெற்கே போறதுன்னா பாய் விரிச்ச படகு. வடக்கேன்னா பாய் இறக்கின படகு!