வெயில் மின்சாரம் வாங்குவோர் கவனத்திற்கு

1839-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பெக்கரெல் கண்டறிந்த, ஒளி பட்ட மாத்திரத்தில் மின்னோட்டம் பிறக்கும் அந்த விந்தை, இன்று பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மொட்டை மாடிகளிலும் கிணற்று மேடுகளிலும் சோலார் பலகையாக வந்து நிற்கிறது. மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்கும் இப்பூமியில் வெயிலுக்கு மட்டும் பஞ்சமில்லையாதலால் இது வரப்பிரசாதமே. ஆயினும், ஜனங்களின் அறியாமையையே முதலாக வைத்து வியாபாரம் செய்வோரும் இருப்பதால், சில விஷயங்களை விளக்கிச் சொல்வது அவசியமாகிறது.

"கரண்ட் போனாலும் விளக்கு எரியும்" என்று ஏஜெண்டு சொன்னால், பேட்டரி உண்டா என்று கேளுங்கள். பேட்டரியின்றி மின்வாரியக் கம்பியோடு இணைக்கும் அமைப்பு, வாரியத்தின் மின்சாரம் நின்ற கணமே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. இதற்கு நேர்மாறாக, வீட்டு மெயினை அணைத்த பின்னும், வெயில் உள்ளவரை, பலகையிலிருந்து இன்வெர்ட்டருக்கு வரும் ஒயர்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். பல பலகைகளைத் தொடராகப் பூட்டியிருந்தால் அது சில நூறு வோல்ட்டை எட்டும். எலி கடித்த ஒயருக்குத் தாமே டேப் சுற்றப் புகுவது பிராணாபாயம்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரத்தாருக்குத் தூசியும் ஒரு கவலை. அது பலகைமேல் படிந்து, பனியில் நனைந்து இறுகினால் உற்பத்தி குறையும். அதிகாலையில், பலகை சூடேறுமுன், தண்ணீரும் மெல்லிய துணியுமாகத் துடைப்பது உத்தமம்.

2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. அமைப்பு இயங்கத் தொடங்கிய பின்னரே அது வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் நேராகச் சேரும். ஆகவே, மானியம் வாங்கித் தருவதாகக் கமிஷன் கேட்பவரிடம் பணமும் கொடாதீர்கள், ஓ.டி.பி.யும் சொல்லாதீர்கள். விவசாயிகள் மானியத்தில் சோலார் பம்புசெட் பெற நாட வேண்டியது வேளாண்மைப் பொறியியல் துறையை.

ரசீதையும் உத்தரவாதப் பத்திரத்தையும் பத்திரப்படுத்துங்கள். வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் வாரியத்துக்குப் போகும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டர் பொருத்த வாரியம் தாமதித்தால், அதன் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தில் 94987 94987 என்ற எண்ணில் புகார் செய்து, அங்கும் பலனில்லையேல் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தையும், பின் மின்குறை தீர்ப்பாளரையும் அணுகலாம். விற்ற நிறுவனம் ஏமாற்றினால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முறையிடுவதோடு, 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டதாயின் அதற்குக் கட்டணமில்லை. வக்கீல் வைக்காமல் தாமே வாதாடவும் சட்டம் இடமளிக்கிறது.