உங்களுக்குத் தெரியுமா? புது கம்பெனியின் மின்சாரக் கார்

● இந்தியாவின் முதல் மின்சாரக் கார் எது என்று கேட்டால் பலரும் ரேவாவைத்தான் சொல்வார்கள். அதற்கும் முன்பே, 1993-இல், ‘லவ்பேர்ட்’ என்று ஒரு கார் வந்தது. இரண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி. எடி நிறுவனம் ஜப்பானின் யாஸ்காவாவோடு சேர்ந்து கேரளத்துச் சாலக்குடியிலும் நம் கோயம்புத்தூரிலும் அதைத் தயாரித்தது. மிகச் சில வண்டிகளே விற்றன. அதோடு அந்தப் பெயர் மறைந்துபோனது.

● 2001-இல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா, லண்டன் தெருக்களில் ‘ஜி-விஸ்’ என்ற பெயரில் ஓடியது. 2010-இல் மகிந்திரா அந்த நிறுவனத்தை வாங்கியது.

● தூத்துக்குடியில் கார் தொழிற்சாலை வரும் என்று பத்து வருடத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2024 பிப்ரவரியில் அங்கே அடிக்கல் நாட்டியது. 2025 ஆகஸ்ட் 4 அன்று ஆலை திறக்கப்பட்டது. தொடக்கத் திறன் ஆண்டுக்கு 50,000 கார்கள். முதலில் வந்தவை விஎஃப் 6, விஎஃப் 7 என்ற இரண்டு மாடல்கள்.

கம்பெனியின் வயதைப் பாருங்கள்: அது தொடங்கியது 2017-இல்தான். உரிமையாளர் ஃபாம் ன்யாட் வுவோங் உக்ரைனில் நூடுல்ஸ் விற்றுப் பணம் சேர்த்தவர். பின்னர் அந்த வியாபாரத்தை நெஸ்லேக்கு விற்றார்; சொந்த நாட்டில் வீடு, ஓட்டல், மருத்துவமனை, பள்ளி என்று வளர்ந்தவர். 2022-இல் பெட்ரோல் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டு முழுக்க மின்சாரத்துக்கு மாறினார். துணிச்சல்காரர்தான். ஆனால் 2024-இல் மட்டும் வின்ஃபாஸ்டின் நஷ்டம் 300 கோடி டாலரைத் தாண்டியது. அந்த வருடம் விற்ற ஏறத்தாழ 97,000 கார்களில் கணிசமானவை, அதே உரிமையாளர் தொடங்கிய வாடகைக் கார் நிறுவனத்துக்குப் போனவை. நம் மண்ணில் ஆலை, நம் பிள்ளைகளுக்கு வேலை என்ற சந்தோஷம் எனக்கும் உண்டு. ஆனால் பதினேழு, இருபது லட்சம் கொடுக்கப்போகிற குடும்பம் இந்தக் கணக்கையும் தெரிந்துகொண்டுதான் கொடுக்க வேண்டும்.

● புது கம்பெனி என்பதாலேயே ஒதுக்கவும் வேண்டியதில்லை. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூட இங்கே ஆளில்லை. 1998-இல் சான்ட்ரோ வந்தது. அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். ஹூண்டாய் தனியாக வரவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. உதிரி பாகம் செய்யும் கொரிய நிறுவனங்களும் கூடவே வந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கடை விரித்தன. கண்ணாடி உடைந்தால் கண்ணாடி கிடைத்தது. ஒரு புது கம்பெனி நிலைத்து நிற்கப் போகிறதா என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

● தொழிற்சாலை பக்கத்து மாவட்டத்தில் இருந்தால் பம்பர் அடுத்த நாளே கிடைத்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்ப வருடங்களில் பெரும்பாலான புது கம்பெனிகள் பாகங்களை வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கி இங்கே பூட்டுகின்றன. புக்கிங் பணம் கட்டுவதற்கு முன் ஷோரூமை விட்டுவிட்டு நேரே சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். முன் பம்பர், ஹெட்லைட், முன் கண்ணாடி மூன்றுக்கும் விலை என்ன, கையிருப்பு உண்டா, இல்லையென்றால் எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

வின்ஃபாஸ்ட் சர்வீஸ் வேலைக்காக மைடிவிஎஸ்ஸுடன் ஒப்பந்தம் செய்திருக்கிறது. தெரிந்த பெயர், ஊர் ஊராகப் பட்டறை உண்டு. உங்கள் ஊர்ப் பட்டறையில் உயர் மின்னழுத்த பேட்டரியைத் தொடப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

● கம்பெனி போய்விட்டால் கார் என்ன ஆகும்? பெட்ரோல் காருக்கு ஓரளவு பதில் தெரியும். செவர்லே 2017-இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. பழைய ஃபிகோக்கள் இன்றும் நம் ரோட்டில் ஓடுகின்றன. சென்னைப் புதுப்பேட்டையில் பாகம் தேடிப் பிடித்து, கைராசியான மெக்கானிக் ஒருவரைக் கண்டுபிடித்து ஓட்டிவிடுகிறார்கள்.

மின்சாரக் காரில் இது அவ்வளவு சுலபமில்லை. அமெரிக்காவின் ஃபிஸ்கர் கம்பெனி ‘ஓஷன்’ என்ற காரை ஆஸ்திரியாவில் செய்து விற்றது. 2024 ஜூனில் திவால் மனு கொடுத்தது. சுமார் 11,000 வண்டிகள் நடுத்தெருவில் நின்றன. பூட்டைத் திறப்பது முதல் கோளாறைக் கண்டுபிடிப்பது வரை எல்லாமே கம்பெனியின் மென்பொருளோடும் சர்வரோடும் பிணைந்தவை. உரிமையாளர்கள் தாங்களே ஒரு சங்கம் அமைத்து, பாகம் தேடினார்கள், மென்பொருளைத் துருவினார்கள், தங்கள் வண்டியைத் தாங்களே உயிரோடு வைத்துக்கொள்ளப் போராடினார்கள். சீனாவிலும் இதே கதைதான்: வெல்ட்மெயிஸ்டர் 2023-இல் திவால் நடவடிக்கைக்குப் போனது, ஹைஃபை 2024 பிப்ரவரியில் உற்பத்தியை நிறுத்தியது. எனவே ‘இன்டர்நெட் இல்லாவிட்டால் இந்தக் கார் என்னென்ன செய்யும்?’ என்ற கேள்வியை டெஸ்ட் டிரைவில் கேளுங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு, வெறும் சாவியால் திறந்து, ஓட்டி, சார்ஜ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

● போன கம்பெனிகளின் ஆலைகள் வீணாகவில்லை. செவர்லே கார் செய்த குஜராத் ஹலோல் ஆலையில்தான் இன்று எம்ஜி வின்ட்சர் வருகிறது. ஃபோர்டின் சனந்த் ஆலையை டாடா வாங்கிக்கொண்டது.

● அந்த வின்ட்சர் 2024 செப்டம்பரில் 9.99 லட்சம் என்று விளம்பரமானது. பேட்டரி இல்லாத விலை அது. பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. பேட்டரியோடு சேர்த்து வாங்கினால் அன்றைய தொடக்க விலை 13.50 லட்சம். வித்தியாசம் மூன்றரை லட்சம். மூன்றரை ரூபாயால் வகுத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர். வருடத்துக்கு 12,000 ஓட்டுகிறவருக்கு வாடகை எட்டு வருடத்துக்குமேல் ஓடினால்தான் நஷ்டம் போலத் தெரியும். தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மூன்று வருடத்துக்குள் கணக்கு திரும்பிவிடும். சார்ஜ் போடும் மின்சாரச் செலவு இதில் சேராது.

ஆனால் கணக்கைவிடப் பெரியது ஒப்பந்தம். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதம் இவ்வளவு கிலோமீட்டருக்குக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா? காரை விற்கும்போது பேட்டரி வாடகை யார் தலையில் விழும்? பேட்டரியை வாடகைக்கு விடும் நிதி நிறுவனம் வேறு, கார் கம்பெனி வேறு என்றால், பேட்டரி கெட்டுப்போனால் யாரிடம் போய் நிற்பது? இந்த மூன்றுக்கும் காகிதத்தில் பதில் இருக்க வேண்டும்.

● ‘ஒரு சார்ஜில் 450 கிலோமீட்டர்’ என்பது ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் ஓட்டி எடுத்த எண். நம் கத்திரி வெயிலில் ஏசி போட்டு, நான்கு பேரும் மூட்டையும் ஏறி, நாற்கரச் சாலையில் நூறில் போனால் வராது. சொன்னதில் முக்கால் பங்கை வைத்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு வழியில் ஒருமுறை நிறுத்தி டிபன் சாப்பிடுகிற நேரத்தில் சார்ஜும் ஏறட்டும். அதில் குறையொன்றும் இல்லை.

● வீட்டு மின்கட்டணத்தில் ஒரு பொறி இருக்கிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்து, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால், சுமார் 160 யூனிட். நம் மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் அது 320. ஏற்கெனவே 300 யூனிட் ஓடுகிற வீடு 620-க்குப் போகும். 500-ஐத் தாண்டியதும் காருக்குச் செலவான யூனிட் மட்டும் விலை ஏறுவதில்லை. முதல் நூறு இலவசத்துக்கு அடுத்து வரும் மலிவான படியும் காணாமல் போய்விடும். அதாவது ஃபிரிட்ஜும் மின்விசிறியும் இழுக்கிற மின்சாரத்துக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்டுவீர்கள். அப்படியும் பெட்ரோலைவிடக் குறைவுதான். ஆனால் ‘கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்’ என்று விற்பனையாளர் சொல்லும் கணக்கை உங்கள் ஈபி அட்டையை வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். மாடியில் சோலார் இருந்தால் கதையே வேறு.

● வெளியே பொது சார்ஜரில் போட்டால், அது மின்சார விற்பனை அல்ல, சேவை என்று மத்திய அரசு 2018-இலேயே விளக்கம் கொடுத்துவிட்டது. ஆகவே 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வீட்டு மின்சாரத்துக்கு அது கிடையாது.

● அடுக்குமாடியில் இருப்பவர்கள் கார் வாங்குவதற்கு முன் சங்கத்தின் எழுத்துபூர்வ ஒப்புதலை வாங்குங்கள். வீட்டில் சார்ஜ் போடுவதை மத்திய மின்துறை வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. ஆனாலும் உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை ஒயர் இழுக்க அனுமதி கிடைக்காமல், வண்டி வந்த பிறகு கீழ்த்தளத்தில் சண்டை போடும் குடும்பங்கள் ஏராளம். பக்கத்து வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் வராமல் வாங்குகிற வண்டிதான் நிம்மதியான வண்டி.

● மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 2019 ஆகஸ்ட் முதல் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 18-ஆக இறங்கியதால் இரண்டுக்கும் உள்ள விலை இடைவெளி சுருங்கிவிட்டது. பழைய ஒப்பீட்டு அட்டவணையைக் காட்டினால் ஏமாறாதீர்கள்.

● ‘லோன் வட்டியில் ஒன்றரை லட்சம் வரை வருமான வரிச் சலுகை’ என்று யாராவது சொன்னால் அது முடிந்த கதை. 2019 ஏப்ரலிலிருந்து 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடன்களுக்கு மட்டுமே பொருந்தும்.

● மின்சாரக் காரின் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு சிசி கணக்கில்லை. மோட்டாரின் கிலோவாட்தான் கணக்கு. 2022 ஜூன் 1 முதல் தனியார் மின்சாரக் காருக்கு 30 கிலோவாட் வரை 1,780 ரூபாய், 65 வரை 2,904, அதற்கு மேல் 6,712 என்று அறிவித்தார்கள். வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பெரிய மோட்டார் எடுத்தால் இங்கேயும் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

● கோடிக்கணக்கில் ஆராய்ச்சி செய்து உருவாக்கிய கார், ஒரு சாதாரண 12 வோல்ட் பேட்டரி செத்தால் கதவுகூடத் திறக்காமல் நின்றுவிடும். கீழே படுத்திருக்கும் பெரிய பேட்டரியில் முக்கால்வாசி சார்ஜ் இருந்தாலும் பயனில்லை; திரை, பூட்டு, கம்ப்யூட்டர் எல்லாம் சின்ன பேட்டரியில் விழித்தால்தான் பெரியதன் இணைப்பு திறக்கும். ரோட்டில் நின்றுபோகும் மின்சாரக் கார்களில் இது அடிக்கடி கேட்கும் காரணம். சாவியிலேயே ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை எப்படி எடுப்பது, சின்ன பேட்டரிக்கு வெளியிலிருந்து எங்கே இணைப்புக் கொடுப்பது என்ற இரண்டையும் டெலிவரி நாளிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

● பேட்டரியின் நீர்ப்பாதுகாப்புக் குறியீடான ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்று பொருள். இரவு முழுக்க வெள்ளத்தில் கிடக்கலாம் என்று பொருள் இல்லை. மழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டிகளைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துகிறார்களே, அது சரியான வேலை. தண்ணீரில் கிடந்த மின்சாரக் காரை ஸ்டார்ட் செய்தோ சார்ஜ் போட்டோ பார்க்கவே கூடாது. டோ வண்டியைக் கூப்பிடுங்கள். பேட்டரிக்கு வெள்ளச் சேதக் காப்பீடு உண்டா என்பதை பாலிசி எடுக்கும்போதே வாசியுங்கள்.

● பேட்டரிக்கு ‘8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர்’ வாரண்டி என்பது பரவலான வழக்கம். எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதுதான் உயிர்நாடி, பெரும்பாலும் 70. அதை யார், எந்தக் கருவியில் அளப்பார்கள் என்பதும், இரண்டாவது உரிமையாளருக்கு அதே வாரண்டி தொடருமா என்பதும் சின்ன எழுத்தில் இருக்கும். புது கம்பெனிக் காரின் மறுவிற்பனை மதிப்பு அந்தச் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது.

● செத்த பேட்டரியைத் திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் சட்டப்படியான கடமை. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் இதைச் சொல்கின்றன. காயலான் கடையில் போட வேண்டாம், பிரித்தால் தீப்பிடிக்கும்.

● பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து இருந்தால் சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகை வண்டி. தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கு காலக்கெடு வைத்துக் கொடுக்கப்படுவது. புக்கிங் நாளில் அல்ல, பதிவு நாளில் அது அமலில் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் முழுதும் கட்டுவதற்கு முன் விற்பனைச் சான்றான படிவம் 21-ஐ வாங்கித் தயாரிப்பு மாதத்தையும் வருடத்தையும் படித்துவிடுங்கள். மெதுவாக விற்கும் புது மாடல்கள் யார்டில் மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும். பேட்டரிக்கு நிற்கும்போதும் வயதாகும். ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்றால் வேறு வண்டி கேளுங்கள், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆர்சி கைக்கு வந்த பிறகு கேட்டால் நடக்காது.