புது வண்டியில் பிரேக் உதறுகிறதா? வாரண்டி கேட்கும் முன் கவனிக்க வேண்டியவை

தக்காளி, வெண்டை, கீரை, பூ போன்றவற்றைப் பறித்த அன்றே சந்தைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். இதற்காகச் சிறு விவசாயிகள் பலர் கடன் வாங்கிச் சிறிய சரக்கு வண்டி ஒன்றைச் சொந்தமாக வைத்து, தாங்களே ஓட்டி வருகிறார்கள். இந்த வண்டிகள் பலவற்றில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கும் உள்ளன.

வண்டி வாங்கி ஏழெட்டு மாதம்தான் ஆகிறது, 9,000 கிலோ மீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. மிதிகட்டை காலை உதைக்கிறது. டீலரிடம் கொண்டு போனால், "டிஸ்க் தேய்மானப் பொருள், அதற்கு வாரண்டி கிடையாது" என்று சொல்லி விடுகிறார்கள். விவசாயியும் பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார். சில மாதங்களில் அதே உதறல் திரும்பவும் வருகிறது.

இந்தத் தகராறில் யார் பக்கம் நியாயம் என்பது ஒரே கேள்வியைப் பொறுத்தது. டிஸ்க் தேய்ந்து போயிற்றா, அல்லது பழுதாகிப் போயிற்றா? இரண்டும் ஒன்றல்ல. இதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அளந்ததை எழுதி வாங்குவதில்தான் விவசாயியின் பாதுகாப்பு இருக்கிறது.

உதறல் ஏன் வருகிறது?

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு. பிரேக்கை மிதிக்கும்போது கேலிப்பர் என்னும் கவ்வி, இருபுறமும் உள்ள பேடுகளைத் தட்டின் மீது அழுத்துகிறது. தட்டு ஒரே கனமாகவும் நேராகவும் சுழன்றால் வண்டி அமைதியாக நிற்கும். தட்டில் ஓரிடம் கனத்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பேடு முன்னும் பின்னும் தள்ளப்படும். அதுதான் உதறல். தலைமுடியின் கனத்தைவிடக் குறைவான வேறுபாடுகூடக் காலுக்குத் தெரிந்துவிடும்.

"சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது" என்று சொல்வது வழக்கம். உண்மையில் பல வண்டிகளில் தட்டு வளைவதில்லை. தட்டு உட்காரும் ஹப்பின் முகத்தில் துருவோ அழுக்கோ இருந்தாலும், ஹப்பே சரியாகக் கடையப்படாமல் இருந்தாலும், தட்டு மிகச் சிறிது சாய்ந்து சுழலும். அப்படிச் சுழலும் தட்டு, பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடில் உரசும். சில ஆயிரம் கிலோ மீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். புது வண்டியில் உதறல் உடனே வராமல் சில மாதம் கழித்து வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மற்றொரு காரணம், கேலிப்பரின் ஊசிகள் இறுகிப் போவது. அப்போது பேடு பின்வாங்காமல் தட்டைப் பிடித்தபடியே இருக்கும். ஒரு பக்கத்துப் பேடு மட்டும் வேகமாகத் தேயும். தட்டும் மிகுதியாகச் சூடேறும்.

நாமே கவனிக்கக் கூடியவை

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் முன் டிஸ்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்காமல் ஓடும்போதும் நடுங்கினால் டயர் அல்லது சக்கர பாலன்ஸ் காரணமாக இருக்கலாம். பிரேக் பிடித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் டயர் காற்று, கேலிப்பர், பிரேக் ஹோஸ் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சமதரையில் அதிகம் பிரேக் பிடிக்காமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, முன் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் அந்தப் பக்கத்துப் பேடு பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மழை பெய்த மறுநாள் காலையில் தட்டின் மேல் செம்மை படிந்திருந்து, நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் போய்விட்டால் அது பழுதல்ல. வார்ப்பிரும்பின் இயல்பே அதுதான். ஆனால் தட்டில் நீல நிறம் படர்ந்திருந்தாலும், மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலும், மிதிகட்டை வழக்கத்தைவிடக் கீழே இறங்கினாலும் பாரம் ஏற்றக் கூடாது. மலைப் பாதைப் பக்கம் போகவே கூடாது. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அத்தகைய இறக்கத்தில் பாதி பிரேக்கோடு சரக்கு இறக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

நம் பக்கம் நேரும் தவறுகள்

எல்லாப் பழுதுக்கும் கம்பெனியே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கீழ்க்கண்டவை நம்மிடமே உள்ள பழக்கங்கள். வாரண்டியை மறுக்க டீலர் முதலில் சுட்டிக் காட்டுவதும் இவற்றைத்தான்.

ஆர்.சி.யில் குறித்துள்ள மொத்த எடைக்கு மேல் மூட்டை ஏற்றுவது. இறக்கத்தில் எஞ்சினைத் தாழ்ந்த கியரில் வைக்காமல், டீசல் மிச்சம் என்று எண்ணி நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்புவது. காலை எப்போதும் மிதிகட்டை மேலேயே வைத்திருப்பது. மலையிலிருந்து இறங்கிய சூட்டோடு வண்டியை நேரே வாய்க்காலிலோ பம்பு செட்டிலோ நிறுத்தித் தண்ணீர் அடிப்பது. பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் வீல் நட்டுகளை ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் முடுக்குவது. இவை ஒவ்வொன்றும் தட்டைக் கெடுக்கக் கூடியவை.

பொட்டாஷ் போன்ற உரங்கள் உப்புத் தன்மை உடையவை. உரமோ தொழு எருவோ ஏற்றிய பின், வண்டி ஆறியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவி விடுவது நலம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. கம்பெனிப் புத்தகத்தில் சொல்லியுள்ள கால அளவில் அதை மாற்ற வேண்டும்.

வாரண்டிச் சீட்டு சொல்வது என்ன?

வண்டியோடு வந்த வாரண்டிப் புத்தகத்தைப் பெரும்பாலோர் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. பொதுவாக அதில் இரண்டு விஷயங்கள் இருக்கும். மூலப் பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைபாட்டுக்குக் கம்பெனி பொறுப்பேற்கும் என்பது ஒன்று. பேடு, கிளட்ச் பிளேட், பில்டர், பல்பு போன்றவை வழக்கமான தேய்மானத்தால் போனால் பொறுப்பில்லை என்பது மற்றொன்று. டிஸ்கைச் சில கம்பெனிகள் இந்தத் தேய்மானப் பட்டியலில் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை, சில குறைந்த கிலோ மீட்டர் வரை மட்டும் ஒப்புக்கொள்கின்றன. ஆகவே உங்கள் புத்தகத்தில் உள்ள வாசகத்தையே பார்க்க வேண்டும்.

விலக்கு அளிக்கப்படுவது "வழக்கமான தேய்மானம்" என்பதைக் கவனியுங்கள். எந்த அளவுக்குத் தேயலாம் என்ற குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் டிஸ்கின் ஓரத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தட்டு அந்தக் கனத்தைவிட நன்கு தடிப்பாக இருக்கும்போதே உதறினால், அது தேய்ந்துபோன தட்டு என்று சொல்வது பொருந்தாது. ஹப் கோணலாலோ கேலிப்பர் இறுக்கத்தாலோ தட்டு கெட்டிருந்தால், மூல காரணம் தேய்மானப் பொருளே அல்ல. இந்த வாதத்தை வைக்க உங்களுக்கு அளவுகள் தேவை.

டீலரிடம் போகும்போது

முதலாவது, உள்ளூர் லேத்தில் கொடுத்து டிஸ்கைக் கடைந்துவிட்டு டீலரிடம் போகாதீர்கள். கடைந்த உடனே சாட்சியம் அழிந்துவிடும்; வெளியில் வேலை பார்த்ததாகச் சொல்லி வாரண்டியையும் மறுப்பார்கள்.

இரண்டாவது, ஜாப் கார்டில் புகாரை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். "பொதுச் சோதனை" என்று எழுத விடாதீர்கள். "40 கிலோ மீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது" என்று தேதி, கிலோ மீட்டரோடு இருக்க வேண்டும். அதன் நகல் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுவது நல்லது.

மூன்றாவது, நான்கு அளவுகளைக் கேளுங்கள். டிஸ்கின் கனம், சுற்றிலும் பல இடங்களில் மைக்ரோ மீட்டரால் அளந்தது. டிஸ்க் ஹப்பில் இருக்கும்போதே டயல் கேஜ் வைத்துப் பார்த்த ஆட்டம். டிஸ்கைக் கழற்றிய பின் ஹப் முகத்தின் ஆட்டம். இருபுறத்து நான்கு பேடுகளின் மீதிக் கனம். அனுமதிக்கப்பட்ட அளவு என்ன என்பதையும் பக்கத்தில் குறிக்கச் சொல்ல வேண்டும். டிஸ்க், பேடு ஆகியவற்றைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, மறுத்தால் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதை நாளை யாரும் சொன்னதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அறுவடை நேரம், வண்டியை நிறுத்தி வைக்க முடியாது என்ற நிலை வரலாம். அப்போது பணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பில்லிலேயே "வாரண்டி உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்தோடு பணம் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பழைய டிஸ்கையும் பேடுகளையும் கேட்டு வாங்கி, சாக்கில் கட்டி ஈரம் படாமல் வையுங்கள். நீங்கள் பணம் கொடுத்து மாற்றிய பொருள் உங்களுடையது. ஹப்பைச் சரி பார்க்காமல் புது டிஸ்க் மட்டும் போட்டால் உதறல் திரும்ப வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்த படிகள்

டீலர் மறுத்தால் கதை முடிந்துவிடவில்லை. கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு நகல்களோடு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே புகார் பதியலாம்.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை; 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. பழுதைச் சோதித்துத்தான் அறிய முடியும் என்ற நிலையில், பொருளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சாக்கில் கட்டி வைத்த பழைய டிஸ்க் அப்போதுதான் பேசும்.

ஒரு தடை வரக்கூடும். "இது சரக்கு வண்டி, வியாபாரத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே அல்ல" என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருள் வியாபார நோக்கில் வாங்கியதாகாது என்று சட்டமே சொல்கிறது. தானே ஓட்டிப் பிழைக்க வாகனம் வாங்குபவர் நுகர்வோர்தான் என்பதை 1995-இல் உச்ச நீதிமன்றமும் விளக்கியிருக்கிறது. ஆகவே ஓட்டுநர் உரிமம், சிட்டா அடங்கல், சந்தையில் விற்ற சீட்டுகள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். நாலைந்து வண்டிகளை ஆள் வைத்து ஓட்டுபவருக்கு இந்தச் சலுகை கிடைப்பது கடினம்.

வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். "அடுத்த வாரம் பார்ப்போம்" என்ற வாய்ப் பேச்சை நம்பிக் காலத்தைக் கடத்தி விடாதீர்கள். வண்டி இன்சூரன்ஸ் இதற்கு உதவாது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் பொதுவாக அதில் சேராது.

டிராக்டர், பவர் டில்லர் ஆகியவற்றில் பிரேக் அமைப்பு வேறானாலும், கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள் இவைதான். விதை வாங்கினால் பில்லையும் பையையும் அறுவடை வரை பத்திரமாக வைக்கிறோம். ஐந்தாறு லட்சம் கொடுத்து வாங்கிய வண்டிக்கும் ஒரு பை தைத்து மாட்டி, சர்வீஸ் பில், ஜாப் கார்டு எல்லாவற்றையும் அதில் போட்டு வாருங்கள். உதறல் தெரிந்த அன்றே டீலரிடம் போனால் பிரேக்கும் பிழைக்கும், உரிமையும் பிழைக்கும்.