படிம நிலைப்படுத்தல்

படிம நிலைப்படுத்தல் என்பது, ஒளிப்படக்கருவியைக் கையில் பிடித்துப் படம் எடுக்கும்போது கை நடுக்கத்தால் படம் கலங்குவதைக் குறைக்கும் பொறிமுறை ஆகும். இது கருவியின் உடற்பகுதியிலோ வில்லையிலோ அமைக்கப்படுகின்றது. முக்காலியும் பிளாஷ் விளக்கும் அனுமதிக்கப்படாத அருங்காட்சியகம் போன்ற மங்கிய ஒளியுள்ள இடங்களில் இது பெரிதும் உதவும். எனினும் இது கருவியின் அசைவை மட்டுமே ஈடுசெய்கின்றது. படம் எடுக்கப்படும் பொருளின் அசைவை ஈடுசெய்வதில்லை. இவ்வசதி இருந்தும் படங்கள் கலங்கிப்போவதற்குப் பலவேளைகளில் இவ்வேறுபாட்டைக் கவனியாமையே காரணமாகின்றது.

கை நடுக்கமும் குவியத் தூரமும்

எவருடைய கையும் முற்றிலும் அசையாமல் இருப்பதில்லை. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் கருவி சற்றே திரும்பினாலும் உணரியின் மீது விழும் படிமம் இடம்பெயர்கின்றது. வில்லையின் குவியத் தூரம் கூடக்கூட இவ்விடப்பெயர்ச்சியும் கூடும். எடுத்துக்காட்டாக, 36 மிமீ அகலமுள்ள உணரியில் ஒரு வரிசைக்கு 6000 படப்புள்ளிகள் இருந்தால், ஒரு புள்ளியின் அகலம் 0.006 மிமீ ஆகும். 200 மிமீ வில்லையைக் கொண்டு 100 மீட்டர் தொலைவிலுள்ள கோபுரம் ஒன்றைப் படம் எடுப்பதாகக் கொள்வோம். வில்லையின் நோக்கு அக்கோபுரத்தில் 3 மிமீ விலகினாலே படிமம் ஒரு புள்ளியளவு நகர்ந்துவிடும். 50 மிமீ வில்லையில் அதே விளைவுக்கு 12 மிமீ விலக வேண்டும்.

படச்சுருள் காலத்திலிருந்து வழங்கிவரும் எளிய விதி ஒன்று உண்டு. அதன்படி, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 'ஒன்றின் கீழ் குவியத் தூரம்' நொடியை மிஞ்சலாகாது. 50 மிமீ வில்லைக்கு 1/50 நொடி, 200 மிமீ வில்லைக்கு 1/200 நொடி என்றவாறு கணக்கிடலாம். இவ்விதி 35 மிமீ படச்சுருளுக்கு உரியது. சிறிய உணரியுள்ள கருவிகளில் அதற்கேற்ற பெருக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புள்ளிகள் மிகுந்த இன்றைய உணரிகளில் படத்தை முழு அளவில் பார்ப்போருக்கு இவ்விதி சற்றுத் தளர்வானதே.

செயற்படும் விதம்

ஜைரோ எனப்படும் நுண்ணிய உணரிகள் கருவி எத்திசையில் எவ்வளவு விரைவாகத் திரும்புகின்றது என்பதை அளக்கின்றன. இவ்வளவைக் கொண்டு வில்லைத் தொகுதியிலுள்ள ஓர் உறுப்போ, படிமம் விழும் உணரியோ எதிர்த்திசையில் நகர்த்தப்படுகின்றது. இதனால் படிமம் உணரியின் மீது ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கின்றது. வில்லை உறுப்பை நகர்த்தும் முறையால், கருவி தன் அச்சில் உருளும் அசைவைத் திருத்த முடியாது. உணரியைச் சுழற்றவும் வல்ல முறையால் அதுவும் இயலும்.

ஒளியியல் நிலைப்படுத்தல் கொண்ட நிக்கானின் படச்சுருள் கருவி 1994 இலும், கானானின் 75-300 மிமீ வில்லை 1995 இலும் வெளிவந்தன. உணரியை நகர்த்தும் முறையை மினோல்டா 2003 இல் டிமாஜ் ஏ1 கருவியில் அறிமுகப்படுத்தியது. 2012 இல் வெளிவந்த ஒலிம்பஸ் இ-எம்5 ஐந்து அச்சுக்களில் அசைவை ஈடுசெய்தது.

ஸ்டாப் கணக்கு

நிலைப்படுத்தலின் ஆற்றல் 'ஸ்டாப்' என்னும் அலகில் கூறப்படுகின்றது. ஒரு ஸ்டாப் என்பது ஷட்டர் நேரத்தை இருமடங்காக்கலாம் என்பதைக் குறிக்கும். 200 மிமீ வில்லையில் 1/200 நொடி தேவைப்படும் இடத்தில், நான்கு ஸ்டாப் ஆற்றலுள்ள கருவியைக் கொண்டு ஏறத்தாழ 1/12 நொடியில் எடுக்கலாம். இவ்வெண்ணை ஓர் உறுதிமொழியாகக் கொள்ளலாகாது. கருவியை அதிரும் மேடையில் பொருத்தி அளக்கப்படும் எண் அது. ஒவ்வொருவரின் கையும் வேறுபடும். சுவரில் ஒட்டிய அச்சுத்தாள் ஒன்றை வெவ்வேறு நேரங்களில் பத்துப் பத்துப் படங்களாக எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒருவர் தமக்குரிய எல்லையைத் தாமே அறியலாம்.

ஈட்டிய இந்நேரத்தை எங்கு செலவிடுவது என்பதே முதன்மையான வினா. கற்சிலைக்கு 1/12 நொடி போதும். அச்சிலைக்கு முன்னால் நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடந்து செல்பவர் அதே நேரத்தில் 10 செமீ நகர்ந்துவிடுவார். சிலை தெளிவாகவும் அவர் புகைபோலவும் பதிவாகும். 1/250 நொடியில் அவரது நகர்வு 5 மிமீ அளவே. ஆகவே நடனம், விளையாட்டு, குழந்தைகள் ஆகியவற்றைப் படமெடுக்க நிலைப்படுத்தலை நம்பாமல், துவாரத்தை அகலத் திறந்தோ ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டியோ நேரத்தைக் குறைக்க வேண்டும். ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் மணல்போன்ற இரைச்சல் தோன்றும். அதனைப் பின்னர் ஓரளவு நீக்கலாம். கலங்கிய முகத்தை மீட்பது அரிது.

கலங்கிய படத்தைப் பார்த்தே காரணத்தைக் கண்டறியலாம். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை நடுக்கம். அசைந்த பொருள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் நேரம் மிகுதி. எண்ணிய பொருளுக்கு முன்னோ பின்னோ உள்ளது தெளிவாக இருந்தால் அது குவியப் பிழை. அதற்கும் நிலைப்படுத்தலுக்கும் தொடர்பில்லை.

பயன்படுத்தும் முறை

முழங்கைகளை உடலோடு ஒட்டி, இடக்கையால் வில்லையைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். சுவரிலோ தூணிலோ சாய்ந்து நிற்பது மேலும் உதவும். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, காட்சி நிலைகொள்ளும் வரை அரை நொடியேனும் பொறுத்து, பின்னர் மெதுவாக முழுதும் அழுத்த வேண்டும். பொத்தானைக் குத்துவதுபோல் அழுத்துவது நிலைப்படுத்தலின் பயனில் பெரும்பகுதியைக் கெடுத்துவிடும். மூன்று நான்கு படங்களைத் தொடர்ச்சியாக எடுப்பது நல்லது. விரல் அழுத்தத்தின் அதிர்வு முதற்படத்தில் விழ, இடைப்பட்டவற்றுள் ஒன்று தெளிவாக அமையக்கூடும்.

ஓடும் வண்டியைக் கருவியால் பின்தொடர்ந்து எடுக்கும்போது, கிடைத்திசை அசைவைத் திருத்தாமல் விடும் முறையைத் தெரிவு செய்ய வேண்டும். சில கருவிகள் இதனைத் தாமாகவே உணர்கின்றன. முக்காலியில் பொருத்தும்போது பழைய வில்லைகளில் இவ்வசதியை நிறுத்திவிடுவது நன்று. இல்லாத அசைவைத் தேடி அவை தாமே கலக்கத்தை உண்டாக்கக்கூடும்.

நிகழ்பட எடுப்பில் பயன்படும் மின்னணு நிலைப்படுத்தல் வேறு வகையினது. அது ஒவ்வொரு சட்டத்தின் ஓரத்தையும் வெட்டி, சட்டங்களை ஒன்றோடொன்று பொருத்துகின்றது. ஒரு சட்டத்திற்குள் ஏற்கனவே பதிந்த கலக்கத்தை நீக்காது. ஒளியியல் நிலைப்படுத்தல் நகர்பேசிகளிலும் இடம்பெறுகின்றது. 2012 இல் வெளிவந்த நோக்கியா லூமியா 920 அவற்றுள் ஒன்று. மோட்டார் சைக்கிள் இயந்திரத்தின் கடும் அதிர்வு இவ்வமைப்பைப் பழுதாக்கக்கூடும் என ஆப்பிள் நிறுவனம் 2021 இல் பயனர்களுக்கு அறிவுறுத்தியது.