குளிரில் உழைக்கும் உடம்பு



வெயிலில் வேலை செய்தால் உடம்பு என்ன பாடுபடும் என்பது நமக்கெல்லாம் தெரியும். குளிரில் வேலை செய்தால் என்ன ஆகும் என்று யாரும் அதிகம் பேசுவதில்லை. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்கள் ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் உள்ளன. விடியற்காலையில் 15, 16 டிகிரிதான் இருக்கும். "இதெல்லாம் ஒரு குளிரா?" என்று சிலர் கேட்கலாம். சட்டை நனைந்து, காற்றும் அடித்தால் இந்தக் குளிரே போதும், ஆளைச் சாய்த்துவிடும்.

நம் உடம்பின் உட்சூடு 37 டிகிரி. குளிர் பட்டதும் அதைக் காப்பாற்றுவதற்காகத் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. விரல் மரத்துப் போவது அதனால்தான். மரத்த கையில் கத்தி நழுவும். தசையும் இறுகி நிற்கும். அந்த நேரத்தில் சட்டென்று மூட்டையைத் தூக்கினால் பிடித்துக்கொள்ளும்.

குழாய் சுருங்கினால் ரத்த அழுத்தம் ஏறும். இருதயத்துக்கு அது ஒரு சுமை, மேடு ஏறுவது இன்னொரு சுமை. ரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், இருதய நோய் உள்ளவர்கள் மெதுவாகத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். நெஞ்சை அடைத்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் "வாயுதான்" என்று ஓமத்தண்ணி குடித்துவிட்டு மறுபடியும் மேடு ஏறாதீர்கள். அங்கேயே உட்காருங்கள். உடனே 999க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

வேலை செய்யும்போது குளிர் தெரியாது. நின்றவுடன் வியர்வையிலும் மழையிலும் நனைந்த துணி உடம்புச் சூட்டை உறிஞ்சும். முதலில் நடுக்கம் வரும். உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் நாக்குக் குழறும், நடை தள்ளாடும், புத்தி மந்தமாகும். "குடிச்சிருக்கான்" என்று நினைத்து அப்படியே விட்டுவிடாதீர்கள்! ஈரத்துணியைக் களைந்து, கம்பளி போர்த்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நல்ல நினைவோடு இருந்தால் இனிப்பான சூடான தேத்தண்ணி கொடுக்கலாம்.

"குளிருக்கு ஒரு கிளாஸ் சம்சு அடிச்சா சூடேறும்" என்பது தப்பான எண்ணம். சாராயம் தோலின் ரத்தக் குழாய்களை விரித்துவிடும். தோல் சூடாகத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கிற சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

ஆகவே, நினைவில் வையுங்கள்:

1. பசியாறாமல் வேலைக்குப் போகாதீர்கள்.

2. முதல் பத்து நிமிடம் கை, கால், இடுப்பை அசைத்துச் சூடேற்றுங்கள். பந்து விளையாட மலைக்கு வரும் நம் பிள்ளைகளும் இதைச் செய்யவேண்டும்.

3. மாற்றுச் சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோங்கள்.

4. குளிரில் தாகம் தெரியாது. இருந்தாலும் தண்ணீர் குடியுங்கள்.

5. ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பம்ப் எப்போதும் பையில் இருக்கட்டும்.

வேலையிடத்தில் தொழிலாளியின் பாதுகாப்பைக் கவனிப்பது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மழைச்சட்டை கிடைக்கவில்லையா? உங்கள் தோட்டச் சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள். வாய் திறந்து கேட்பதில் வெட்கமே இல்லை.