கரைந்தால்தான் மருந்து

விழுங்கிய மருந்தெல்லாம் குருதியில் சேர்ந்துவிடுவதில்லை. முதலில் அது குடல்நீரில் கரைய வேண்டும். பின்னரே குடற்சுவர் அதனை ஈர்க்கும். முன்னதைக் 'கரைதல்' என்றும் பின்னதை 'உட்கவர்தல்' என்றும் அறிவியல் தமிழ் பிரித்துரைக்கும்.

நம் நாட்டுச் செம்பனை எண்ணெயிலுள்ள டோகோடிரையெனோல் இதற்கு நற்சான்று. வைட்டமின் 'இ' வகையைச் சேர்ந்த இப்பொருள் நீரில் கரையாது. வெறும் வயிற்றில் உட்கொண்டால் குறைவாகவே குருதியில் சேரும். கொழுப்புணவோடு உட்கொண்டால், பித்தநீர் அதனை நுண்துளிகளாக்கிச் சேர்ப்பிக்கும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் யுவென் கா ஹே குழுவினர், குடல்நீர் பட்டதும் தானே பால்மமாகும் எண்ணெய்க் கலவைகளை ஆராய்ந்தனர். துளியின் நுண்மையும் கொழுப்பு செரிக்கும் அளவும் சேர்ந்தே உட்கவர்தலை உயர்த்துகின்றன என்பது 2004-இல் வெளியான அவர்தம் முடிவு.

பங்சார் மருந்தகத்து உறையில் 'உணவுக்குப் பின்' என்றிருந்தால், வயிற்றெரிச்சலைத் தவிர்க்கவே என்று எண்ணிவிடுகிறோம். படர்தாமரைக்குத் தரும் கிரிசியோஃபுல்வின் போன்ற மருந்துகளுக்கோ, கொழுப்புள்ள உணவே கரைதலுக்குத் துணை. தைராக்சினுக்கு மாறாக வெறும் வயிறே வேண்டும். எனவே ஒவ்வொரு குறிப்புக்கும் காரணம் உண்டு. அக்காரணத்தை நோயாளியின் மொழியில் விளக்கினால், குறிப்பும் காக்கப்படும், மருந்தும் பயன்தரும்.