டயர்க் காற்றும் வெப்பமும்

வெப்பத்தால் காற்று விரிவடையும் என்பதைத் தொடக்கப் பள்ளி மாணவரும் அறிவர். ஆனால், விரிவதற்கு இடமின்றி அடைபட்ட காற்று சூடேறினால் என்னாகும்? அதன் அழுத்தம் உயரும். பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் 1702-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்த இவ்வுண்மை, மோட்டார் சைக்கிளில் செல்வோர் ஒவ்வொருவரின் உயிரோடும் தொடர்புடையதாகும்.

ஓடும் டயர் இரு வழிகளில் வெப்பமுறுகிறது. வெயிலிற் காய்ந்த தார்ச்சாலையின் சூடு ஒன்று. மற்றொன்று டயருக்குள்ளேயே தோன்றுவது. ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்து நிமிர்த்தினால் அது சூடாவதைக் கண்டிருக்கிறோம். சாலையைத் தொடும்போது நசுங்கி, விலகியதும் நிமிரும் இரப்பரும் அவ்வாறே சூடேறுகிறது.

அழுத்தம் எவ்வளவு உயரும்? இதைக் கணக்கிடுவோர் இரண்டு பிழைகள் செய்வதுண்டு. வெப்பநிலையைச் செல்சியசிலேயே கொள்வது முதற்பிழை. அதனுடன் 273-ஐக் கூட்டிக் கெல்வினாக்க வேண்டும். மானி காட்டும் எண்ணையே முழு அழுத்தமாகக் கொள்வது இரண்டாம் பிழை. வெளிக்காற்றின் அழுத்தத்தினும் மிகுதியாக உள்ளதை மட்டுமே மானி காட்டும். ஆகவே, வெளிக்காற்றின் அழுத்தமாகிய ஏறத்தாழ 100 கிலோபாஸ்கலையும் கூட்டல் வேண்டும்.

காலையில் 27 பாகை வெப்பத்தில் மானி 200 கிலோபாஸ்கல் காட்டுவதாகக் கொள்வோம். அப்போது 300 கெல்வினில் முழு அழுத்தம் 300 ஆகும். உச்சிவேளைப் பயணத்தில் டயர்க் காற்று 57 பாகையை எட்டினால், 330 கெல்வினில் முழு அழுத்தம் 330 ஆகும். மானி 230 காட்டும். இவ்வெடுத்துக்காட்டில் ஒரு பாகைக்கு ஒரு கிலோபாஸ்கல் உயர்ந்துள்ளது.

இங்கேதான் இடர் நேர்கிறது. காற்று மிகுந்துவிட்டதென்று எண்ணி, ஒருவர் எண்ணெய் நிலையத்தில் மானி 200-க்கு இறங்கும்வரை காற்றை வெளியேற்றுகிறார். மறுநாட் காலை டயர் குளிர்ந்ததும் மானி ஏறத்தாழ 173 மட்டுமே காட்டும். காற்றுக் குறைந்த டயர் மேலும் நசுங்கும். நசுங்க நசுங்க மேலும் சூடேறும். வளைவுகளில் வண்டி தள்ளாடும். நெடும்பயணத்தில் டயரின் உட்கட்டே சிதையவும் கூடும்.

உற்பத்தியாளர் குறிக்கும் அளவு குளிர்ந்த டயருக்கே உரியது. ஓட்டத்தில் ஏறும் அழுத்தத்தையும் கருதியே அது வகுக்கப்படுகிறது. எனவே, வண்டி சில மணி நேரம் நிழலில் நின்றபின், புறப்படுமுன் அளந்து பார்த்தலே முறை. வழியில் சூடான டயர் சற்று மிகுதியாகக் காட்டினால் காற்றை வெளியேற்றாது விடுக. குறித்த அளவுக்குக் கீழே காட்டினாலோ, குளிர்ந்தபின் அது இன்னும் குறையும் என்பதை உணர்ந்து, உடனே காற்றை நிரப்புக.